ஜோசப் பெயரில் ஒரு குழாய் ரத்தம்

ஜோசப் அண்ணனுக்கு ஊசி என்றால் பயமில்லை, ரிப்போர்ட் என்றால்தான் பயம். பதினாறு வருஷமாக ஊரார் ரத்தத்தை எடுத்துப் பிழைக்கிறவள் நான். ஊசியைப் பார்த்து மயங்கி விழுகிற ஆம்பிளைகளைத் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடலாம். காகிதத்துக்குப் பயந்து ஓடுகிறவரை எதைத் தெளித்து நிறுத்துவது? அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. ஆனாலும் நல்ல மனுஷன். கெட்டவன் செய்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

என் பெயர் ஷைனி. கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் கேம்ப் போடும்போது ரத்தம் எடுக்கப் போவது நாங்கள்தான்.

ஜோசப் அண்ணன் தேர்வாய் கண்டிகைக்காரர், வயது நாற்பத்தாறு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். தொழிற்பேட்டை வந்தபோது இவர் முதலில் அங்கே மண் சுமந்தார், பிறகு காவலுக்கு நின்றார், பிறகு ஒரு கம்பெனியில் ஹெல்பர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, அந்த சீட்டில் ஏறி ஒன்பது வருஷம். மூன்று அடுக்கு சரக்கை ஒரு தட்டல் இல்லாமல் ஏற்றி வைப்பார். "எங்க நைனா முதுகு வளைஞ்சே செத்துச்சி. நான் உக்காந்துகினு சம்பாதிக்கிறேன்" என்று எல்லாரிடமும் சொல்வாராம். அந்த சீட்தான் அவருக்கு எல்லாம்.

அவருக்கு வந்த வினையும் அந்த சீட்தான். போன வருஷ கேம்ப்பில் இரண்டு ஃபோர்க்லிஃப்ட் ஆட்களுக்கு சுகர் கூடுதலாகக் காட்டியது. கான்ட்ராக்டர் இருவரையும் வண்டியிலிருந்து இறக்கி, மூட்டை சுமக்கிற லோடிங்கில் போட்டுவிட்டார். ஜோசப் அண்ணன் அதை மறக்கவில்லை, இந்த வருஷ கேம்ப் நெருங்கியபோது மெடிக்கல் கடையில் ரகசியமாக விரலைக் குத்திப் பார்த்திருக்கிறார். இருநூற்றுத் தொண்ணூறு. மாத்திரை வாங்கினாரா என்றால் இல்லை, மனைவி ரோசம்மாளிடம்கூட வாயைத் திறக்கவில்லை. நோயைச் சொல்லாமல் வைத்திருந்தால் அதுவே வெட்கப்பட்டுப் போய்விடும் என்று நம்புகிற ஆம்பிளைகளில் அவரும் ஒருவர்.

அடுத்த கேம்ப்புக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தப் பேட்டையில் ஆள் மாற்றி வேலைக்குப் போவது புதுசில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் அண்ணன் பாஸில் தம்பி போவான். கேட் பாஸில் இருக்கிற போட்டோ தபால் தலை அளவு, ஹெல்மெட் மாட்டினால் எல்லாருக்கும் ஒரே முகம். ஷிஃப்ட்டுக்கு ஆள் மாறலாம் என்றால் ரத்தத்துக்கு மாறினால் என்ன? பேக்கிங்கில் இருக்கிற லோகுவைக் கேட்டார். பக்கத்துத் தெருக்காரன், ஐந்து வயதில் பெரியபாளையம் திருவிழாவில் ஒன்றாகத் தொலைந்து ஒன்றாகக் கிடைத்தவர்கள். லோகு அந்தக் கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம்தான். ஒரு வருஷம் முடிந்தவர்களுக்குத்தான் கேம்ப், அதனால் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

"ஒரு ஊசிதான மச்சான், குத்திட்டுப் போவட்டும்" என்றானாம் லோகு.

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி கேன்டீனில் நூற்றெண்பது பேர் வரிசை. நாற்பத்து மூன்றாம் டோக்கனுக்கு ஹெல்மெட் போட்ட ஒருவன் வந்து உட்கார்ந்தான். பேர் கேட்டேன், ஜோசப் என்றான். பாஸ் நம்பரைச் சரிபார்த்து ஊதா மூடிக் குழாயில் ஒன்று, சுகருக்குச் சாம்பல் மூடியில் ஒன்று எடுத்தேன். ஆள் வெளுத்திருந்தான். ஊசியை எடுத்த இடத்தில் பஞ்சு நனைந்தது, இன்னொரு பஞ்சு கொடுத்தேன், அதுவும் நனைந்தது. "கையை மடக்காதீங்க, நல்லா அமுக்குங்க" என்று அதட்டிவிட்டு நாற்பத்து நாலாம் ஆளைக் கூப்பிட்டேன். பதினாறு வருஷ அனுபவம் அன்றைக்கு எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. வரிசை நீளமாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கே அது போதவில்லை.

சாயங்காலம் லேபில் குழாய்களை மெஷினில் ஏற்றினேன். நாற்பத்து மூன்றில் மெஷின் நின்று எச்சரிக்கை காட்டியது. வெள்ளை அணு எழுபத்தோராயிரம். நல்ல உடம்பில் அதிகபட்சம் பதினோராயிரம் இருக்கும். ஹீமோகுளோபின் ஏழு. பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது, பதினாறாயிரம். மெஷின் கோளாறாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே திரும்ப ஓட்டினேன். அதே எண்கள்.

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை இழுத்து, சாயம் போட்டுக் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சாதாரண ரத்தத்தில் வெள்ளை அணுவைத் தேடிப் பிடிக்கவேண்டும். இங்கே எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அவைதான். பெரிய பெரிய அணுக்கள், உள்ளே இடமே இல்லாமல் அடைத்துக்கொண்டிருக்கிற உட்கரு, அதற்குள் வெளிறிய புள்ளி இரண்டு மூன்று. இவற்றை பிளாஸ்ட் என்போம். எலும்பு மஜ்ஜைக்குள் இருந்து பக்குவப்பட்டு வெளியே வரவேண்டியவை, பிஞ்சிலேயே ரத்தத்துக்குள் வந்து நிற்கின்றன. ரத்தத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நூறு எண்ணினேன், எழுபத்தெட்டு அவை. சிலவற்றின் உள்ளே சிவப்பாக ஒரு மெல்லிய குச்சி. படிக்கிற காலத்தில் படத்தில் பார்த்த குச்சி.

ஸ்லைடு பார்த்துக் கையெழுத்துப் போட திருவள்ளூரிலிருந்து டாக்டர் அரவிந்தவல்லி வருவார். அவர் மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை.

"அக்யூட் மைலாய்டு லுக்கீமியா மாதிரி இருக்கு, ஷைனி. மஜ்ஜை டெஸ்ட் பண்ணித்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா இது நாளைக்குப் பாக்கலாம்கிற கேஸ் இல்ல. இந்தப் பிளேட்லெட்டுக்கு மூளையில ரத்தம் கசிஞ்சா முடிஞ்சுது. உடனே கூப்பிடு."

ரத்தப் புற்றுநோய். பிஞ்சு அணுக்கள் மஜ்ஜையில் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றது எதுவும் அங்கே விளையாது. சிவப்பணு குறைந்தால் வெளுப்பு, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். பிளேட்லெட் குறைந்தால் தொட்ட இடமெல்லாம் ரத்தம். வெள்ளை அணு எழுபதாயிரம் இருந்தும் சண்டைக்கு ஆகாத கும்பல், அதனால் காய்ச்சல் வந்தால் போகாது. பட்டியலில் இருந்த ஜோசப்பின் நம்பருக்கு அழைத்தேன். ஃபோனில் எதையும் சொல்லக் கூடாது. "காலையில முதல் வேலையா லேபுக்கு வாங்கண்ணே, கூட யாரையாவது கூட்டினு வாங்க" என்றேன். ராத்திரிக்குள் மூக்கில் வாயில் ரத்தம் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "வரேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை ரோசம்மாளோடு வந்தார். ஹெல்மெட்டுக்குள் பார்த்த முகத்தை நூற்றெண்பது பேருக்கு நடுவில் நான் மனதில் வைத்திருக்கவில்லை. டாக்டர் மெல்லச் சொன்னார், மெல்லச் சொன்னாலும் புற்றுநோய் புற்றுநோய்தானே. ரோசம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜோசப் அண்ணன் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிர்ச்சியில் நிற்கிறார் என்று நான் இரக்கப்பட்டேன். அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டர் அவருடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார். நல்ல சிவப்பு. ஈறு சுத்தம். பேன்ட்டைத் தூக்கிக் காலைப் பார்த்தார், ஒரு புள்ளி இல்லை. டாக்டரின் புருவம் சுருங்கியது. திரும்ப ரத்தம் எடுக்கச் சொன்னார். இருபது நிமிஷத்தில் ரிப்போர்ட். வெள்ளை அணு எட்டாயிரம், பிளேட்லெட் இரண்டரை லட்சம், ஹீமோகுளோபின் பதினாலு. சுகர் மட்டும் முந்நூற்றுப் பதினெட்டு.

"ஏசப்பா, ஏசப்பா" என்று ரோசம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். "சக்கரதானம்மா? அத்த நான் பாத்துக்கிறேன். சோத்த நிறுத்திட்டு ராகி போட்றேன். போதும்பா, எனக்கு இது போதும்."

என் பயம் அப்போதுதான் ஆரம்பித்தது. குழாய் மாறிவிட்டது என்று நினைத்தேன். லேபில் இருக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. கேம்ப்புக்கு வந்த நூற்றெண்பது பேரில் ஒருவன் உடம்பில் இது இருக்கிறது, அவன் ஒன்றும் தெரியாமல் நாஷ்டா தின்றுகொண்டிருக்கிறான், அவனை யாரென்று தெரியாமல் செய்தவள் நான்.

"அண்ணே, உங்களுக்கு முன்னால பின்னால யாரு உக்காந்தாங்க? கொஞ்சம் யோசிச்சிச் சொல்லுங்க."

"தெரியலம்மா. கூட்டமா இருந்திச்சி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிற்பாடு அவரே சொன்னதுதான் இது. டாக்டர் வாயைத் திறந்த முதல் நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது, அது லோகுவின் ரத்தம் என்று. உண்மையைச் சொன்னால் சீட் போகும், ஏமாற்றியதற்காக இரண்டு பேர் பாஸும் போகும். யாருக்கும் தெரியாமல் அவனை வெளியில் ஒரு டெஸ்ட் எடுக்க வைத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் லோகுவைப் பிடித்தார்.

"நீயும் ஒரு தபா ரத்தம் டெஸ்ட் எடுத்துக்கடா. கலரு மாறிப் போய்க்கினே கீற."

"ஏசி செட்டுல கீறன்ல, செவப்பாயிட்டேன்" என்று லோகு சிரித்தானாம். பேக்கிங் ஷெட்டில் எல்லாரும் அவனை அப்படித்தான் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். தொடையில் நீலம் பாரித்தால் சரக்கு அடுக்குகிற பேலட் பலகை இடித்தது. முழங்காலுக்குக் கீழே ஊசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் கொசு. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால். ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டு வந்ததற்கு மட்டும் யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை, கடைவாய்ப் பல் சொத்தை என்று அவனே முடிவு கட்டியிருந்தான்.

அதற்கு மேல் ஜோசப் அண்ணன் வற்புறுத்தவில்லை. டீ குடித்துவிட்டு இருவரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

நான் புதன் முழுக்க ஃபோனும் கையுமாக இருந்தேன். நாற்பதிலிருந்து நாற்பத்தாறு வரை எல்லாரையும் வரவைத்துத் திரும்ப ரத்தம் எடுத்தேன். எல்லாரும் கல்லுக்குண்டு. வியாழன் காலை கேம்ப் தாள்களையெல்லாம் திரும்ப மேசையில் பரப்பினேன். ஐடி கார்டில் அச்சடிக்க ரத்த வகையும் பார்த்திருந்தோம். அந்தப் பட்டியலை எடுத்தேன். நாற்பத்து மூன்றாம் குழாய் பி பாசிட்டிவ். புதன்கிழமை எடுத்த ஜோசப்பின் ரத்தத்தையும் பார்த்தேன், ஓ பாசிட்டிவ்.

அப்படியே உட்கார்ந்து யோசித்தேன். குழாய் மாறியிருந்தால் ஜோசப்பின் ரத்தம் வேறு யாராவது ஒருவர் பெயரில் இருக்கவேண்டும். முந்நூறு சுகரோடு ஒரு சாம்பல் மூடிக் குழாய் எங்காவது இருக்கவேண்டும். நூற்றெண்பது ரிப்போர்ட்டையும் புரட்டினேன். இருநூற்றைத் தாண்டினது ஒன்றுமே இல்லை. ஜோசப்பின் ரத்தம் அந்தக் கேம்ப்பிலேயே இல்லை. நான் எதையும் மாற்றவில்லை. அவர்தான் மாறியிருந்தார்.

ஷிஃப்ட்டில் ஃபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பத்தரை மணி டீ இடைவேளையில் என் ஏழு மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு அவர் கூப்பிட்டார்.

"உங்க பேர்ல வந்து உக்காந்தது யாரு?" என்றேன்.

"கூட்டமா இருந்திச்சிம்மா" என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

"அண்ணே, நான் கம்பெனிக்குச் சொல்வேனா மாட்டேனான்னு யோசிச்சிக்கினு இருக்கீங்க. நான் எத்தையும் யோசிக்கல. அந்த ஆளு தும்மினாக்கூட தலைக்குள்ள ரத்தம் கசியும். பேரச் சொல்லுங்க."

"லோகும்மா" என்றார். "பேக்கிங்ல கீறான். இன்னிக்கி வரல. பல்லுவலி தாங்கலன்னு கும்மிடிப்பூண்டிக்குப் பல்லு புடுங்கப் போய்க்கினு கீறான்."

பதினாறாயிரம் பிளேட்லெட்டோடு ஒரு பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழியிலிருந்து வருகிற ரத்தம் நிற்காது. பஜாரில் பல் டாக்டர்கள் மூன்று பேர். முதலாமவர் ஃபோனை எடுத்தார், அங்கே இல்லை. இரண்டாமவரும் இல்லை. மூன்றாவது கிளினிக்கில் யாரும் எடுக்கவே இல்லை. லேபைத் திறந்து போட்டுவிட்டு ஓடினேன். லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தது. குனிந்து தாண்டினேன். செய்யக் கூடாததுதான், செய்தேன்.

கிளினிக்கில் லோகு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி சுகிர்தா ஒரு டவலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டவல் பாதி சிவப்பு. இடுக்கி தட்டிலேயே கிடந்தது. மரத்துப்போக ஊசி போட்ட ஓட்டையிலிருந்தே ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருக்க, டாக்டர் குழம்பிப் போய்ப் பஞ்சை மேலே மேலே வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.

"பல்லத் தொடாதீங்க சார், பிளேட்லெட் பதினாறாயிரம்" என்று வாசலிலேயே சொன்னேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். லோகுவின் முழங்கை மடிப்பில் நான் செவ்வாய்க்கிழமை குத்திய இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது.

ஆம்புலன்ஸில் சென்னைப் பெரியாஸ்பத்திரி. வழியெல்லாம் சுகிர்தா என் கையை விடவில்லை. "இன்னா சீக்குக்கா, சொல்லுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சொன்னேன். பிறகு மாதவரம் வரைக்கும் இன்னொரு கையால் லோகுவின் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கே பிளேட்லெட் ஏற்றினார்கள். இடுப்பெலும்பில் ஊசி விட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் அரவிந்தவல்லி சொன்னதேதான். ஏழு நாள் இரவு பகலாக ஒரு மருந்து, அதில் முதல் மூன்று நாள் கூடவே ஒரு சிவப்பு மருந்து. இருக்கிற அணுவையெல்லாம் அடித்துத் துடைத்துவிட்டு நல்லது முளைக்கிறதா என்று காத்திருக்கிற வைத்தியம். அந்தக் காத்திருப்பில்தான் காய்ச்சல் வந்து ஆளைக் கொண்டுபோகும். பத்தாம் நாள் லோகுவுக்கு நூற்று நாலு டிகிரி போய், மூன்று நாள் சுகிர்தா வாசலிலேயே கிடந்தாள். திரும்பி வந்தான்.

ஜோசப் அண்ணன் அதே வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கான்ட்ராக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள், இப்போது லோடிங். அதுவரைக்கும் ஒளிந்திருந்த மனுஷன் அதை மட்டும் யாரும் கேட்காமலே செய்தார்.

இருபத்து நாலாம் நாள் அவரோடு நானும் வார்டுக்குப் போனேன். முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே விட்டார்கள். லோகுவின் தலையில் மயிர் இல்லை, பாதி ஆள்தான் இருந்தான். சுகிர்தா வெந்நீர் எடுக்க வெளியே போயிருந்தாள். ஜோசப் அண்ணன் வழியெல்லாம் எதையோ சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார், புதன்கிழமையே தெரியும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு. வாயைத் திறக்கிறதுக்குள் லோகு முந்திக்கொண்டான்.

"மச்சான், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். டீக்கடையில டெஸ்ட் எட்றான்னு சொன்னியே, அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. உன் மூஞ்சே சொல்லிச்சி, நான் குடுத்த ரத்தத்துல இன்னாவோ கீதுன்னு."

"அப்பறம் ஏன்டா சிரிச்ச?"

"ரிப்போர்ட்டுல உன் பேருதான கீது. உன்கிட்டயே இருந்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன்டா."

ஜோசப் அண்ணன் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கிருந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது.

"நானும் அப்டித்தான்டா" என்றார் கடைசியில். "அது உன்துன்னு எனக்கு அன்னிக்கிக் காலையிலயே தெரியும். என்து இல்லன்னு ஊட்டுக்குப் போயி சோறு ரெண்டு தபா வாங்கித் துன்னேன்."

லோகு அவர் கையைத் தேடிப் பிடித்தான். மருந்து ஏறுகிற கை, அசைக்கக் கூடாது, விடுங்கள் என்று நான் அதட்டினேன். இரண்டு பேரும் விடவில்லை.